பில் பதிவில் பிழையைக் குறைக்க சிக்ஸ் சிக்மா தேவையா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். கோவையில் 14 பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தை நடத்துகிறீர்கள். பெரிய நிறுவனங்களுக்கு வரும் சப்ளையர் பில்களை அவர்களுடைய கணினிக் கணக்கில் பதிவு செய்து கொடுப்பது உங்கள் வேலை. நாளொன்றுக்குச் சுமார் 400 பில்; அவற்றில் சராசரியாக 16 பில் பிழையென்று திரும்பி வருகின்றன. சில நாள் 9தான் வருகிறது, சில நாள் 25 ஆகிவிடுகிறது. 25 வந்த மறுநாள் காலையில் எல்லோரையும் கூட்டிக் கண்டிக்கிறீர்கள். மாதக் கடைசியில் அதிகப் பிழை செய்தவருக்குச் சம்பளத்தில் 500 ரூபாய் பிடிக்கிறீர்கள். கண்டித்தால் குறைகிறது, இரண்டு வாரத்தில் மறுபடி ஏறுகிறது. ஆலோசகர் ஒருவர் வந்து, சிக்ஸ் சிக்மா என்ற பிழைக்குறைப்பு முறையை எடுத்தால் பத்து லட்சத்துக்கு 3.4 பிழைதான் வரும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது உங்களைப் போன்ற சிறிய அலுவலகத்துக்குப் பொருந்துமா, அல்லது பதிவைச் சரிபார்க்க இன்னொரு செக்கரைப் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். இந்த இரண்டுக்கும் அடியில் நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: பிழை ஆட்களிடமிருந்து வருகிறதா, வேலை நடக்கும் முறையிலிருந்து வருகிறதா என்பது. அதைத் தீர்க்காமல் மற்ற இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கோவை, பல்லடம் பக்கத்து நூற்பாலைகளில் 17 ஆண்டுகள் தரக்கட்டுப்பாட்டுத் துறையில் இருந்தேன். அதன் பிறகு 9 ஆண்டுகளாக உங்களுடையதைப் போன்ற பில் பதிவு மையங்களில் செயல்முறை மேம்பாட்டு வேலை பார்க்கிறேன். உங்கள் அலுவலகத்தை நான் பார்த்ததில்லை. ஆகவே கணக்கிலிருந்து வரும் முடிவுகளை உறுதியாகவும், உங்கள் இடத்தில் பிழை எங்கே பிறக்கிறது என்பதை ஊகமாகவும் சொல்கிறேன்.

முதலில் உறுதியானது. 400 பில்லில் 4 சதவீதம் பிழை என்ற நிலையில் ஒரு செயல்முறை எந்த மாற்றமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்போதும் தினமும் சரியாக 16 வராது. ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டினால் சரியாக ஐம்பது தலை விழாதது போலத்தான். எவ்வளவு ஏறி இறங்கும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். 400-ஐ 0.04-ஆலும் 0.96-ஆலும் பெருக்கினால் 15.36 வரும். அதன் வர்க்கமூலம் 3.92; சராசரியிலிருந்து எண்கள் வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதைக் காட்டும் திட்ட விலக்கம் இதுதான். அதன் மூன்று மடங்கு ஏறத்தாழ 11.76. இதை 16-இலிருந்து கழித்தால் 4.24, கூட்டினால் 27.76. அதாவது ஆளும் மாறாமல், முறையும் மாறாமல், யாரும் தூங்கி வழியாமல் இருந்தாலும், தினசரிப் பிழை 5-க்கும் 27-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழும். உங்கள் 9-ம் உங்கள் 25-ம் இந்த வரம்புக்குள்ளேயே இருக்கின்றன. 9 வந்த நாளில் உங்கள் ஆட்கள் கெட்டிக்காரர்களாகிவிடவும் இல்லை, 25 வந்த நாளில் பொறுப்பற்றவர்களாகிவிடவும் இல்லை. இரண்டு எண்ணையும் தந்தது ஒரே முறைதான்.

கண்டித்த பிறகு குறைவது ஏன் என்பதற்கும் இதிலேயே விளக்கம் இருக்கிறது. சராசரி 16 ஆக இருக்கும் இடத்தில் 25 வந்தால், நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் மறுநாள் 25-ஐ விடக் குறைவாக வருவதற்கே வாய்ப்பு மிக அதிகம். நீங்கள் கண்டிப்பது எப்போதும் உச்சத்துக்கு அடுத்த நாள் என்பதால் கண்டிப்பு பலித்ததாகத் தெரிகிறது. இதே காரணத்தால், 9 வந்த நாளில் பாராட்டி டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்தால் மறுநாள் ஏறும். பாராட்டினால் தலையில் ஏறிவிடுகிறார்கள் என்று முடிவு கட்டுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

அந்த நம்பிக்கை எனக்கு உடைந்த இடம் ரிங் ஃபிரேம் என்ற நூற்பு எந்திரம். நூற்பாலையில் கவுன்ட், அதாவது நூலின் தடிமனைச் சொல்லும் நம்பர், பார்ப்பது என்றால், ராப் ரீலில் 120 கஜம் நூலைச் சுற்றி எடுத்து, அந்த ஒரு லீயை நிறுப்பது. 40-ஆம் நம்பர் நூல் என்றால் லீ 1.62 கிராம் இருக்க வேண்டும். 1.66 வந்தால் கவுன்ட் 39-க்கு இறங்கி நூல் தடித்துவிட்டது, 1.58 வந்தால் 41-க்கு ஏறி மெலிந்துவிட்டது என்று பொருள். நான் வேலைக்குச் சேர்ந்த ஆலையில் ஒரு மேஸ்திரி இருந்தார்; தொழிலில் அவருக்கு இருந்த அக்கறையைக் குறை சொல்ல முடியாது. 1.66 என்று சீட்டு வந்த அடுத்த நிமிடம் ஃபிரேமை நிறுத்தி, நூலின் தடிமனைத் தீர்மானிக்கும் பல்சக்கரமான டிராஃப்ட் பினியனை மாற்றுவார். இரண்டு மணி நேரம் கழித்து 1.58 வரும், மறுபடி மாற்றுவார். ஷிஃப்ட் முடியும்போது அவர் கையெல்லாம் கிரீஸாக இருக்கும், கவுன்ட்டின் சிதறல் முன்பைவிட மோசமாக இருக்கும். பருத்தி நூலில் லீக்கு லீ இருக்கும் இயல்பான மாறுபாட்டை அவர் ஒவ்வொரு முறையும் எந்திரத்தின் பிழையாக எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் திருத்தினார். இப்படி விலகிய அளவுக்கு ஈடாக ஒவ்வொரு முறையும் முந்தைய அமைப்பைத் திருத்திக்கொண்டே போனால் மாறுபாட்டின் வர்க்கம் இரண்டு மடங்காகும், திட்ட விலக்கம் ஏறத்தாழ 41 சதவீதம் கூடும். இது அனுபவத்தில் கண்டது மட்டுமன்று, கணிதத்தில் நிறுவப்பட்டது. அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங், மேசைமேல் ஒரு புனலை நிறுத்தி அதன் வழியே கோலிக்குண்டுகளைப் போட்டுக் காட்டிய புகழ்பெற்ற செய்முறையும் இதைத்தான் காட்டியது. ஒரு மாதம், பல லீக்களின் சராசரி வரம்பைத் தாண்டினால் மட்டுமே பினியனைத் தொடுவது என்று மேஸ்திரியிடம் கெஞ்சி ஒப்புக்கொள்ள வைத்தோம். கவுன்ட் சீரானது. கைகட்டி நிற்கச் சொன்னதை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை என்பது வேறு கதை. உங்கள் காலைக் கூட்டம் அவருடைய பினியனைப் போன்றது.

இந்தச் சிந்தனைக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. 1924 மே மாதத்தில், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டர் ஷூவார்ட் தன் மேலதிகாரிக்கு எழுதிய சிறிய குறிப்பில்தான் முதல் கட்டுப்பாட்டு வரைபடம் வந்தது. நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் இரண்டு வரம்புக் கோடுகள், அவ்வளவுதான். கோடுகளுக்குள் ஏறி இறங்குவது முறையில் ஊறிய பொதுவான மாறுபாடு. அதற்குத் தனித்தனிக் காரணம் தேடக் கூடாது. கோட்டைத் தாண்டுவது, அல்லது தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் சராசரியின் ஒரே பக்கத்தில் விழுவது, ஏதோ ஒன்று புதிதாக நுழைந்ததன் அடையாளம். அன்றைக்கு உடனே போய்ப் பார்க்க வேண்டும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மஹாலனோபிஸின் அழைப்பில் ஷூவார்ட் 1947-48-இல் இந்தியாவுக்கு வந்து சில மாதங்கள் ஆலைகளைச் சுற்றிப் பார்த்தார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு ஒன்று கோவையிலேயே இருக்கிறது. நூற்பாலைக்காரர்கள் பலர் அங்கே பாடம் படித்தவர்கள்தான். ஆகவே ஆலோசகர் சொன்னதை வெளிநாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை என்று மிரள வேண்டாம். உங்கள் தெருவிலேயே யாராவது ஒரு ஓய்வுபெற்ற மில் அதிகாரிக்கு இது தெரிந்திருக்கும்.

இப்போது 500 ரூபாய் அபராதம். ஒருவர் மாதத்துக்குச் சுமார் 700 பில் பதிவு செய்கிறார் என்றால், 4 சதவீதக் கணக்கில் 28 பிழை எதிர்பார்க்கலாம். மேலே செய்த அதே கணக்கைச் செய்தால் வரம்பு 13 முதல் 43 வரை வருகிறது. ஆகவே ஒரு மாதம் 21 பிழை செய்தவரையும் 36 பிழை செய்தவரையும் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு திறமைசாலி, திறமையற்றவர் என்று பிரிக்க உங்களுக்கு ஆதாரம் இல்லை. 14 பேர் இருந்தால் யாராவது ஒருவர் பட்டியலின் அடியில் இருந்தே தீர்வார். ஆறு மாதமும் அதே ஆள் அடியில் இருந்தால் அது வேறு விஷயம். அப்போதும் அவருக்கு எந்த வகை பில்கள் போகின்றன என்று பார்த்துவிட்டுத்தான் அவரைப் பற்றிப் பேச வேண்டும். கையெழுத்தில் எழுதிய லாரி வாடகை பில்கள் முழுவதும் அனுபவசாலி ஒருவரிடமே போவதை நான் பார்த்திருக்கிறேன். அனுபவசாலி என்பதாலேயே போயின, அதனாலேயே அதிகப் பிழை அவர் பெயரில் ஏறியது. அபராதத்துக்கு இன்னொரு தீமையும் உண்டு. பிழைக்குப் பணம் பிடித்தால் பிழை பதிவேட்டிலிருந்து மறையும். செக்கர் பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டுச் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளச் சொல்வார். அது மனிதாபிமானம், ஆனால் உங்கள் 16 என்ற எண் அன்றிலிருந்து பொய்யாகிவிடும். ஊதியத்தில் அபராதம் பிடிப்பதற்குச் சட்டத்திலும் வரம்புகள் உண்டு என்பதால் அதை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். மேலே நான் போட்ட கணக்கு, ஒவ்வொரு பில்லிலும் பிழை வருவது மற்ற பில்களைச் சாராதது என்று எடுத்துக்கொள்கிறது. உங்கள் வேலையில் அது முழுவதும் உண்மையாக இருக்காது. ஒரே சப்ளையரிடமிருந்து 30 பில் ஒரே கட்டாக வந்து, எல்லாவற்றிலும் வரி விகிதம் தவறாக இருந்தால், பிழைகளும் கட்டாகவே வரும். அப்போது உண்மையான ஏற்ற இறக்கம் என் வரம்பைவிட அகலமாக இருக்கும், என் கோடுகள் பொய்யான எச்சரிக்கை தரும். அதற்கு எளிய மாற்று உண்டு. தினசரிப் பிழை சதவீதத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டு நாட்களுக்கு இடையிலான வித்தியாசங்களின் சராசரியை (கூட்டல், கழித்தல் குறியைப் பார்க்காமல்) கண்டுபிடித்து, அதை 2.66-ஆல் பெருக்கிச் சராசரியின் இருபுறமும் வையுங்கள். 25 நாள் எண்கள் இருந்தால் எக்செல்லில் பத்து நிமிட வேலை. இரண்டு முறையிலும் வரம்புகள் ஏறத்தாழ ஒன்றாக வந்தால் நிம்மதி. இரண்டாவது மிக அகலமாக வந்தால் பிழைகள் கட்டுக்கட்டாக வருகின்றன என்பது அதிலேயே தெரிந்துவிடும். அது நல்ல துப்பு.

கோடு போடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்றைப் பெரும்பாலோர் செய்வதில்லை. என் அனுபவத்தில் பாதித் திட்டங்கள் அங்கேதான் கோணிப் போகின்றன. பிழை என்று எதை எண்ணுகிறீர்கள்? நூற்பாலையில் லீயை நிறுக்கும் அறையின் வெப்பம் 27 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்திருப்பார்கள். பருத்தி ஈரத்தை இழுப்பதால் மழைநாளில் அதே நூல் அதிக எடை காட்டும். அறையைக் கட்டுப்படுத்தாவிட்டால் நீங்கள் அளப்பது நூலையா மழையையா என்று தெரியாது. உங்கள் அலுவலகத்தில் அந்த ஈரம் செக்கரின் தலைக்குள் இருக்கிறது. நான் முதலில் போன பில் மையத்தில், ஏற்கெனவே பதிவான 30 பில்களை எடுத்து, சிலவற்றில் வேண்டுமென்றே பிழை வைத்து, மூன்று செக்கர்களிடம் தனித்தனியாகக் கொடுத்தோம். பத்து நாள் கழித்து வரிசையைக் கலைத்து அதே 30-ஐ மறுபடி கொடுத்தோம். மூன்று பேரும் ஒத்துப்போகாத பில்கள் இருந்தன என்பதில் எனக்கு வியப்பில்லை. ஒரே செக்கர் பத்து நாள் முன்பு சொன்ன தன் முடிவுக்கே மாறாகச் சொன்ன பில்களும் இருந்தன. அதிகச் சண்டை வந்தது ரப்பர் ஸ்டாம்புக்காக. சப்ளையரின் வட்ட முத்திரை இல்லாத பில்லை ஒருவர் பிழை என்றார். இன்னொருவர் கையெழுத்து இருந்தால் போதும் என்றார். மூன்றாமவர் தெரிந்த சப்ளையர் என்றால் விட்டுவிடலாம் என்றார். வாடிக்கையாளர் நிறுவனத்தைக் கேட்டபோது, முத்திரையை அவர்கள் பார்ப்பதே இல்லை என்று தெரிந்தது. எது பிழை என்று ஒரே பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் உண்மையான பில்லின் நகல் ஒன்றை ஒட்டி வைத்த பிறகுதான் எண்களைப் பற்றிப் பேசவே முடிந்தது.

அளவு நம்பகமானதும் பிழைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சப்ளையர் வாரியாக, பிழையின் வகை வாரியாக, நேரம் வாரியாக, ஆள் வாரியாக என்று நான்கு விதமாகப் பிரித்துப் பாருங்கள். ஆள் வாரியாகப் பிரிப்பதைக் கடைசியில் வையுங்கள். பெரும்பாலும் சில வகைகள் மட்டுமே பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கும். இதை இத்தாலியப் பொருளியலாளர் பரேட்டோவின் பெயரால் பரப்பியவர் தரக்கட்டுப்பாட்டு நிபுணர் ஜுரான். 80 சதவீதப் பிழை 20 சதவீத வகைகளிலிருந்து வரும் என்பது ஒரு பேச்சு வழக்கு. உங்கள் எண் 70-க்கு 30 ஆகவும் இருக்கலாம், அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. நான் சொன்ன மையத்தில் மற்ற எல்லா வகைகளையும் தாண்டி நின்றது பர்ச்சேஸ் ஆர்டர் எண் தவறு. கவனக்குறைவு என்று எல்லோரும் சொன்னார்கள். பில்களை மேசையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தபோது வேறு படம் தெரிந்தது. அந்த வாடிக்கையாளரின் ஆர்டர் எண் 45 என்று தொடங்கும் பத்து இலக்கம். இரண்டு பெரிய சப்ளையர்கள் தங்கள் டெலிவரி சலான் எண்ணையும் பத்து இலக்கமாகவே வைத்திருந்தார்கள். அதைப் பில்லின் வலது மேல்மூலையில் பெரிய எழுத்திலும், ஆர்டர் எண்ணை அடியில் வங்கி விவரத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்திலும் அச்சடித்திருந்தார்கள். வலது மேல்மூலையைப் பார்த்துப் பத்து இலக்கத்தை அடிப்பது ஒருவருக்கும் தவறாகத் தோன்றாது. தொடக்க இரண்டு இலக்கம் 45 இல்லையென்றால் பதிவுத் திரை ஏற்கக் கூடாது என்று ஒரு சிறு மாற்றம் செய்யச் சொன்னோம். அந்த வகைப் பிழை ஏறக்குறைய நின்றது. பயிற்சி வகுப்பு எதுவும் நடத்தவில்லை.

உங்களுடைய பில்களிலும் இதற்கு இடம் இருக்கும் என்றே ஊகிக்கிறேன். ஜிஎஸ்டி எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 எழுத்துகள், முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து பான் எண், கடைசி எழுத்து முன்னுள்ள பதினான்கிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு எழுத்து. நடுவில் ஓர் இலக்கம் மாறினால் அந்தக் கடைசி எழுத்து பொருந்தாது. இந்தச் சரிபார்ப்பைக் கணினி கண் இமைக்கும் நேரத்தில் செய்துவிடும். மனிதர் 400 பில்லில் செய்ய மாட்டார். மாநிலக் குறியீட்டைக் கொண்டே மத்திய, மாநில வரி இரண்டாகப் பிரிய வேண்டுமா, ஒருங்கிணைந்த வரியாக ஒன்றாக வர வேண்டுமா என்று பெரும்பாலான பில்களில் திரையே எச்சரித்துவிடலாம். ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் 1961-இல் கண்ட புகழ்பெற்ற தீர்வும் இந்த வகைதான். ஒரு சிறு சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும்; தொழிலாளர்கள் சில நேரம் ஒன்றை வைக்க மறந்துவிடுவார்கள். கவனமாக இரு என்று சொல்வதை விட்டுவிட்டு, முதலில் இரண்டு ஸ்பிரிங்கை ஒரு சிறிய தட்டில் எடுத்து வை, பிறகு பொருத்து என்று வேலையின் வரிசையை மாற்றினார். தட்டில் ஒன்று மிஞ்சினால் மறந்தது கண்ணெதிரே தெரியும். இந்த முறைக்கு முதலில் முட்டாள் தடுப்பு என்று பொருள்படும் பெயர்தான் இருந்தது. அது தொழிலாளரைப் புண்படுத்தியதால் பிறகு பிழைத் தடுப்பு என்று பொருள்படும் போக்கா-யோக்கே என்று மாற்றினார்.

இரண்டாவது செக்கர் வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு செக்கர் நூறு பிழையில் 80-ஐப் பிடிக்கிறார், அதே திறமையுள்ள இன்னொருவர் மிஞ்சிய 20-இல் 16-ஐப் பிடிக்கிறார் என்றால், காகிதத்தில் 4தான் தப்பும். நடைமுறையில் அப்படி நடப்பதில்லை. அடுத்து ஒருவர் பார்க்கப்போகிறார் என்று முதலாமவரும், ஏற்கெனவே ஒருவர் பார்த்துவிட்டார் என்று இரண்டாமவரும் தளர்கிறார்கள். முதலாமவர் தவறவிட்ட பிழைகள் பார்ப்பதற்குக் கடினமானவை என்பதால் இரண்டாமவரும் அவற்றையே தவறவிடுகிறார். ஒரே ஒரு சூழலில் இதற்கு உடன்படுவேன்: வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முறித்துவிடுவேன் என்று நிற்கும்போது, மூலகாரணம் பிடிபடும்வரை இரண்டு மாதத் தற்காலிகத் தடுப்பாக வைத்துக்கொள்ளலாம். முடிவுத் தேதியை அன்றே எழுதிவிடுங்கள். தேதி எழுதாத தற்காலிக செக்கர் ஓய்வு பெறும்வரை இருப்பார்.

இனி அந்த 3.4. சிக்ஸ் சிக்மா 1986-இல் மோட்டோரோலாவில் பில் ஸ்மித் என்ற பொறியாளரின் முயற்சியில் உருவானது. 1995-க்குப் பிறகு ஜெனரல் எலக்ட்ரிக் எடுத்துக்கொண்டதால் உலகமெங்கும் பரவியது. சிக்மா என்பது திட்ட விலக்கத்தின் குறி. சராசரிக்கும் வாடிக்கையாளர் ஏற்கும் எல்லைக்கும் இடையில் ஆறு திட்ட விலக்கம் இருந்தால் பிழை மிக மிக அரிது. கணக்குப்படி இரு பக்கமும் சேர்த்து நூறு கோடிக்கு 2தான் வரும். பிறகு எங்கிருந்து வந்தது 3.4? எந்தச் செயல்முறையும் காலப்போக்கில் 1.5 திட்ட விலக்கம் நகர்ந்துவிடும் என்று எடுத்துக்கொண்டு, ஆறில் அதைக் கழித்து, 4.5-க்கு அப்பால் விழுவதைக் கணக்கிட்டால் பத்து லட்சத்துக்கு 3.4 வருகிறது. அந்த 1.5 ஓர் அனுமானம். இயற்கை விதி எதுவும் அதைச் சொல்லவில்லை, புள்ளியியலாளர்கள் பலர் அதை ஏற்பதும் இல்லை. உங்கள் அலுவலகத்துக்கே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். 400-க்கு 16 என்றால், அந்த 1.5-ஐயும் சேர்த்து, நீங்கள் இன்று ஏறத்தாழ 3.25 சிக்மாவில் இருக்கிறீர்கள். இப்போது ஒரு பில்லில் 10 கட்டங்களை நிரப்புகிறோம், ஒவ்வொன்றும் பிழைக்கான ஒரு வாய்ப்பு என்று சொல்லி, 16-ஐ 4000-ஆல் வகுத்தால், அதே நிமிடத்தில் 4.15 சிக்மா ஆகிவிடுவீர்கள். திரும்பி வரும் பில் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. இந்த வித்தையைச் செய்து மேலிடத்துக்கு விளக்கப்படம் காட்டியவர்களை எனக்குத் தெரியும். ஆகவே ஆலோசகர் சிக்மா எண்ணைப் பற்றிப் பேசினால், வாய்ப்பு என்று எதை எண்ணுகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். உங்களுக்கு நான் பரிந்துரைக்கும் இலக்கு எளியது: 16-ஐ 8 ஆக்குவது. சராசரி 8 ஆகிவிட்டால் கட்டுப்பாட்டு வரைபடத்தின் மேல் வரம்பு 16-இல் வந்து நிற்கும். இன்றைய உங்கள் சாதாரண நாள் அன்றைக்கு மிக மோசமான நாளாக இருக்கும்.

எண்ணை ஒதுக்கிவிட்டால், சிக்ஸ் சிக்மாவின் வேலை வரிசை நல்லது. வரையறு, அள, ஆராய், மேம்படுத்து, கட்டுக்குள் வை என்று ஐந்து கட்டம். நான் மேலே சொன்னதெல்லாம் அந்த வரிசையில்தான் வந்திருக்கிறது. அதன் பெரிய பயன், தீர்வை முதலிலேயே எடுத்துக்கொண்டு வருகிறவர்களை மூன்று கட்டம் காத்திருக்க வைப்பது. ஐந்தாவது கட்டத்தில்தான் சிறிய நிறுவனங்கள் தோற்கின்றன: திரையில் செய்த மாற்றத்தைப் புது மென்பொருள் வரும்போது யாரும் எடுத்துச் செல்வதில்லை, வரைபடத்தைத் தினமும் வரைந்த பெண் கல்யாணமாகிப் போனதும் அது நின்றுவிடுகிறது. சிக்ஸ் சிக்மா பயிற்சி பெற்றவர்களுக்குத் தரும் கறுப்பு பெல்ட், பச்சை பெல்ட் பட்டங்களுக்கு 14 பேர் அலுவலகத்தில் வேலை இல்லை. கணக்கில் பயப்படாத ஒருவர், வாரத்தில் ஒரு நாள், நான்கு மாதம். அதுவே போதும் என்பது என் மதிப்பீடு. ஆலோசகரை வைப்பதானால் அந்த ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள்.

ஐயத்துக்குரியவற்றையும் சொல்லிவிட வேண்டும். இந்த முறையால் இத்தனை கோடி மிச்சம் என்று பெரிய நிறுவனங்கள் அறிவித்தவை அவர்களே போட்ட கணக்குகள். அதே காலத்தில் விற்பனையும் தொழில்நுட்பமும் மாறியிருக்கும் என்பதால் எவ்வளவு இதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். குறைகளில் 94 சதவீதம் முறையைச் சேர்ந்தவை என்று டெமிங் சொன்னது அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அது அவருடைய அனுபவ மதிப்பீடு, யாரும் அளந்து எடுத்த எண் அன்று. அதன் திசையை நான் நம்புகிறேன், இலக்கத்தை நம்பவில்லை. எல்லா வேலைக்கும் இது பொருந்தும் என்பதும் சரியில்லை. ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்து வந்த மெக்நெர்னி தலைமையில் 3எம் நிறுவனம் இதை ஆராய்ச்சிக் கூடம்வரை கொண்டுபோனது. 2005 இறுதியில் தலைமைக்கு வந்த பக்லி ஆராய்ச்சிப் பிரிவில் பிடியைத் தளர்த்தினார். ஒரே வேலை திரும்பத் திரும்ப நடக்கும் இடத்தில்தான் இந்தக் கருவிகளுக்குப் பிடிமானம் கிடைக்கிறது. உங்கள் பதிவு மேசை அப்படிப்பட்ட இடம். புதிய வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது நீங்கள் செய்யும் பேச்சுவார்த்தை அப்படிப்பட்டதன்று. அங்கே இதைக் கொண்டுபோக வேண்டாம்.

எங்கிருந்து தொடங்குவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அபராதத்தை நிறுத்திவிட்டதாக முதலில் அறிவித்துவிடுங்கள். அறிவித்த பிறகு இரண்டு மூன்று வாரம் பிழை எண்ணிக்கை ஏறும், மறைந்திருந்தவை வெளியே வருவதால் அப்படித்தான் நடக்கும், பதற வேண்டாம். அந்த எண்களைப் பழைய 16-உடன் ஒப்பிடாமல் புதிய தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரங்களிலேயே 30 பில் சோதனையை நடத்திவிடுங்கள். செக்கர்களுக்குக் கொடுப்பதற்கு முன் அந்த 30-ஐயும் நீங்களே ஒருமுறை பார்த்து, உங்கள் முடிவைத் தனித்தாளில் எழுதி உறையில் ஒட்டி வையுங்கள். நான் நடத்திய சோதனைகளில் பெரும்பாலும் அதிக முரண்பாடு செக்கருக்கும் செக்கருக்கும் இடையில் வரவில்லை; முதலாளியின் தாளுக்கும் மற்ற எல்லோருடைய தாளுக்கும் இடையில்தான் வந்தது.